மாத்திரை அட்டை கிடைத்த வீட்டுக்கு

படிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அக்கா மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். அவன் அப்பா சவூதியில் வேலை. புத்தகப் பையைத் துவைக்க எடுத்தபோது ஒரு கஞ்சாப் பொட்டலமும் கூல் லிப் என்ற உதட்டுப் புகையிலையும் காலியான ஒரு மாத்திரை அட்டையும் கிடைத்திருக்கின்றன. அக்கா அழுதுகொண்டே இருக்கிறார், மச்சானுக்குத் தெரியவே கூடாது என்கிறார். உறவுக்காரர் ஒருவர் ஏதோ ஒரு 'ஹோம்' நம்பர் கொடுத்திருக்கிறார். போன் செய்தால் வேனில் நாலு பேர் வந்து தூக்கிப் போவார்களாம், ஆறு மாதத்தில் திருத்தி அனுப்புவார்களாம். தாய்மாமன் நீங்கள் கேட்பது இரண்டு: இது அடிமைத்தனமா, வயசுக் கோளாறா? வேனுக்குச் சொல்லலாமா?

வேனுக்குச் சொல்ல வேண்டாம். ஏன் என்று பின்னால் விரிவாகச் சொல்கிறேன். நான் மனநலத் துறையில் சமூகப் பணியாளர். போதைப் பழக்கத்தோடு வரும் பதின்வயதுப் பிள்ளைகளும் அவர்களைக் கூட்டி வரும் வீட்டாரும்தான் என் அன்றாட வேலை. பெரும்பாலான வீடுகளில் கஞ்சாவைப் பார்த்துப் பதறுவார்கள், மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். நீங்கள் இன்னும் போடவில்லை என்றால் அதை எடுத்துப் பின்பக்கம் என்ன அச்சிட்டிருக்கிறது என்று படியுங்கள். கிடைத்த மூன்றில் அவசரமானது அதுதான்.

இப்போது தமிழ்நாட்டில் இந்த வயதுப் பையன்கள் வட்டத்தில் 'மாத்திரை' என்றால் பெரும்பாலும் டேபென்டடால். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் கடுமையான வலிக்கும் மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் வலி மாத்திரை அது. மார்ஃபினும் ஹெராயினும் இருக்கிற அதே ஓபியாய்டு குடும்பம். டிரமடால் என்ற இன்னொரு வலி மாத்திரையை 2018-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். அது கிடைப்பது கடினமானதும் கூட்டம் டேபென்டடால் பக்கம் போனது என்பது என் கணிப்பு. வாயில் போடுவதோடு இது நிற்பதில்லை. பொடித்து, தண்ணீரிலோ சலைனிலோ கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். மாத்திரையில் மருந்து மட்டுமா இருக்கிறது? அதை உருட்டிப் பிடித்து வைக்கும் மாவும் பசையும் சேர்ந்தே இரத்தத்துக்குள் போகின்றன. குழாய் அடைக்கும், குத்திய இடம் சீழ் பிடிக்கும். ஒரே ஊசி நாலு கை மாறினால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் வரலாம். வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுக்கிறானா, முழங்கை மடிப்பில் தழும்போ கறுப்போ இருக்கிறதா என்று கவனியுங்கள். பிடித்து வைத்துச் சோதனை போட வேண்டாம். ஒரே வீட்டில் இருக்கிற பிள்ளை, பல் தேய்க்கும்போதும் சாப்பிட உட்காரும்போதும் கண்ணில் படாமலா போகும்.

அட்டையில் நைட்ரஸெபாம், அல்பிரஸோலம், டயஸெபாம் என்ற பெயர்களில் ஏதாவது இருந்தால் அது தூக்க மாத்திரை வகை. இங்கே ஆபத்து வேறு மாதிரி. தினமும் போட்டுப் பழகியவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். தினமும் குடிப்பவருக்கும் இதே ஆபத்து உண்டு. "இன்றோடு எல்லாம் கட்" என்று அறையில் பூட்டி வைப்பது இந்த வகையில் உயிருக்கே உலை வைக்கும். மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார். ஓபியாய்டு வகையில் நிறுத்தினால் அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் உடம்பு காட்டத் தொடங்கும்: மூக்கு ஒழுகும், கொட்டாவி வரும், மயிர்க்கூச்செறியும், வயிற்றுப்போக்கு, உடம்பெல்லாம் முறுக்கிப் போட்ட வலி. இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம், ஒரு வாரத்தில் தணியும். சாதாரணமாக இதனால் உயிர் போவதில்லை. ஆனால் அந்த வேதனை தாங்காமல்தான் பையன் சுவரேறிக் குதித்து மறுபடி மாத்திரை வாங்கப் போகிறான். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டால் சிகிச்சை அங்கேயே கெட்டுவிடும்.

ஓபியாய்டும் தூக்க மாத்திரையும் சேர்ந்தாலோ, இரண்டில் ஒன்று மதுவோடு சேர்ந்தாலோ மூச்சு அடங்கிப்போகும். எழுப்பினால் எழாமல், மூச்சு விட்டு விட்டு வந்து, குறட்டை மாதிரி கரகரவென்று சத்தம் கேட்டு, உதடு நீலம் பாரித்து, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தால் உடனே 108. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். ஆஸ்பத்திரியில் "ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை" என்று மானத்துக்காகப் பொய் சொல்லாதீர்கள். ஓபியாய்டு என்று தெரிந்தால் நலாக்ஸோன் என்ற முறிவு மருந்து இருக்கிறது, சரியான நேரத்தில் போட்டால் சில நிமிடத்தில் மூச்சு திரும்பும்.

சரி, அடிமைத்தனமா இல்லையா?

பையில் கிடைத்த பொருளை வைத்து அதைச் சொல்ல முடியாது. மனநல மருத்துவர்கள் கடந்த ஒரு வருடத்து நடத்தையைப் பார்ப்பார்கள். நினைத்ததை விட அதிகமாகப் போகிறதா, நிறுத்த நினைத்தும் முடியவில்லையா, ஏங்குகிறானா, படிப்பு கெட்டும் சண்டை வந்தும் தொடர்கிறானா, முன்பு பிடித்த விளையாட்டை விட்டுவிட்டானா, அதே அளவு இப்போது போதவில்லையா என்று பதினொரு கேள்விகள் இருக்கின்றன. இரண்டுக்கு ஆமாம் வந்தாலே கோளாறு தொடங்கிவிட்டது என்று கணக்கு. ஆறோ அதற்கு மேலோ வந்தால் தீவிரம். பதின்வயதினருக்கு நான் இன்னும் எளிமையாக ஒன்று பார்ப்பேன்: தனியாக எடுக்கிறானா? கோயில் திருவிழாவில் நண்பர்களோடு இரண்டு இழுப்பு இழுத்தவனும், காலையில் குளிக்கும் முன் மொட்டை மாடியில் தனியாக இழுப்பவனும் ஒன்றில்லை. முதலாமவனுக்கு நல்ல பேச்சும் கண்காணிப்புமே பல நேரம் போதும். இரண்டாமவனுக்குச் சிகிச்சை வேண்டும். உங்கள் மருமகன் எந்தப் பக்கம் என்பது அவன் வாயிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் கஞ்சாவோடு மாத்திரையும் சேர்ந்திருக்கிறது என்பதால் 'வயசுக் கோளாறு, தானாகச் சரியாகும்' என்று விட்டுவிடவும் முடியாது.

வயசு என்றதும் நினைவுக்கு வருகிறது. வயது இதில் நிஜமாகவே ஒரு காரணம்தான், ஆனால் நம்மவர்கள் சொல்லும் அர்த்தத்தில் இல்லை. மூளையில் இன்பத்தையும் பரிசையும் தேடும் பகுதி பதின்வயதின் தொடக்கத்திலேயே முழு வேகத்துக்கு வந்துவிடுகிறது. 'இரு, யோசி' என்று சொல்லும் நெற்றிப் பகுதி முழுதாக முதிர இருபத்தைந்து வயது வரை ஆகும். வேகமாக ஓடும் வண்டிக்கு பிரேக் இன்னும் பொருத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இடைவெளியில்தான் போதை நுழைகிறது, மூளையின் இணைப்புகள் சீரமைந்துகொண்டிருக்கும் நேரத்தில் நுழைவதால் ஆழமாகவும் பதிகிறது. கஞ்சாவைத் தொட்டவர்களை எல்லாம் மொத்தமாகப் பார்த்தால் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அடிமையாகிறார். பதின்வயதில் தொடங்கியவர்களை மட்டும் எடுத்தால் அது ஆறில் ஒருவர் அளவுக்கு ஏறுகிறது. நியூசிலாந்தில் டுனெடின் என்ற ஊரில் 1972-73-ல் பிறந்த ஆயிரம் பேரைக் குழந்தைப் பருவத்திலிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். பதின்வயதில் கஞ்சாவைத் தொடங்கிப் பல ஆண்டுகள் விடாமல் இழுத்தவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் 38 வயதில் சராசரியாக 8 புள்ளி வரை இறங்கியிருந்தது என்று 2012-ல் எழுதினார்கள். இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த பிற்கால ஆய்வுகள் இதை மறுக்கின்றன, குடும்பச் சூழலும் காரணமாக இருக்கலாம் என்கின்றன. எனக்கு அந்த 8 புள்ளியை விடப் பெரிய கவலை மனச்சிதைவு. குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்திருந்தால், இளவயதுக் கஞ்சா அதைச் சீக்கிரம் வெளியே கொண்டுவரலாம். 'யாரோ என்னைப் பற்றிப் பேசுகிறார்கள்', 'போனில் ஒட்டுக் கேட்கிறார்கள்' என்று அவன் சொல்லத் தொடங்கினால் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

இன்னொரு பக்கம் இருக்கிறது, இதைத்தான் வீடுகளில் யாரும் கேட்பதில்லை. அந்தப் பொருள் அவனுக்கு என்ன செய்து கொடுக்கிறது? ஒருவன் தூக்கம் வராமல் இழுக்கிறான். ஒருவன் வகுப்பில் உட்கார முடியாதவன், சின்ன வயதிலிருந்தே கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. இருந்திருக்கும், அதை 'வாலு' என்று சொல்லியே பத்தாம் வகுப்பு வரை தள்ளியிருப்பார்கள். ஒருவனுக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பதே சிரமம். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு பிளஸ் ஒன்னில் ஆங்கில வழி இயற்பியலில் மாட்டிக்கொண்டு, கடைசி பெஞ்சில் மாத்திரையோடு நிம்மதி கண்டவர்கள் இருக்கிறார்கள். மனச்சோர்வு இருக்கலாம். யாரோ அவனிடம் தகாத முறையில் நடந்திருக்கலாம். பையன்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள். இந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் போதையை மட்டும் பிடுங்கினால், அந்த இடத்துக்கு வேறொன்று வரும். கஞ்சாவை நிறுத்திக் குடிக்கு மாறியதை 'திருந்திட்டான்' என்று சந்தோஷப்பட்ட வீடும் உண்டு.

அவனிடம் யார் பேசுவது? என்னைக் கேட்டால் நீங்கள்தான். அம்மா பேசினால் அழுகையில் முடியும், அப்பா போனில் பேசினால் மிரட்டலில் முடியும். நம் வீடுகளில் தாய்மாமனுக்கு ஒரு தனி இடம் இருக்கிறது: கண்டிக்கவும் உரிமை உண்டு, தோளில் கை போடவும் உரிமை உண்டு. பைக்கில் கூட்டிப் போங்கள். முன்னும் பின்னுமாக உட்கார்ந்து போகும்போது, முகத்துக்கு முகம் பார்க்காதபோது, இந்த வயதுப் பிள்ளைகள் கொஞ்சம் பேசுவார்கள். அவன் போதையில் இருக்கும் நேரத்தில் பேசாதீர்கள், வீண். எடுத்ததும் "யார்டா வாங்கிக் கொடுத்தது?" என்று கேட்காதீர்கள். அது போலீஸ் கேள்வி, அதற்குப் பொய்தான் பதிலாக வரும். "பையில என்ன இருந்ததுன்னு எனக்குத் தெரியும். அடிக்க மாட்டேன், கத்த மாட்டேன். மாத்திரையை நினைச்சுதான் பயமா இருக்கு. எத்தனை போடுற, எப்படிப் போடுற, அதை மட்டும் சொல்லு" என்று தொடங்கலாம். அதில் உங்களுக்குப் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன என்று எங்கள் துறையில் கேட்போம். "அது என்னடா உனக்குப் பிடிச்சிருக்கு?" என்று கேட்டால் முதலில் முழிப்பான். அப்புறம் சொல்வான். பிடிக்காததையும் அவனே சொல்வான். விடுவதற்கான காரணம் அவன் வாயிலிருந்து வந்தால் அதற்கு இருக்கிற பலம், நாம் சொல்லும் நூறு காரணத்துக்கு இல்லை.

அவன் ஒத்துக்கொள்ளாவிட்டால்? பரவாயில்லை, நீங்களும் அக்காவும் முதலில் போங்கள். 'அவனுக்கே தோன்றினால்தான் திருந்துவான்' என்ற பேச்சு பாதிதான் உண்மை. அமெரிக்காவில் ராபர்ட் மேயர்ஸ் என்பவர் உருவாக்கிய ஒரு முறையில், சிகிச்சைக்கு வர மறுப்பவரை விட்டுவிட்டு வீட்டாருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். எப்போது பேசுவது, எதைப் பாராட்டுவது, எதற்குக் காசு கொடுக்காமல் இருப்பது என்பதுதான் பயிற்சி. வர மறுத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். அந்த ஆய்வுகள் பெரும்பாலும் பெரியவர்களைப் பற்றியவை. காசும் சாப்பாடும் போனும் வீட்டிலிருந்தே கிடைக்கும் 16 வயதுப் பையன் விஷயத்தில் வீட்டின் கை இன்னும் நீளம்.

எங்கே போவது என்றால், முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் இருப்பார். 2025-ல் அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் தமிழக அரசு தொடங்கியது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இந்தத் துறையில் நாட்டுக்கே முன்னோடி. ஊர்விட்டு ஊர் போக முடியாதென்றால் மனநல உதவிக்கான 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள், தமிழில் பேசலாம், காசில்லை. போதை மீட்புக்கென்றே தேசிய உதவி எண் 14446 இருக்கிறது.

முதல் நாள் என்ன நடக்கும் என்று பயப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். பையனிடம் தனியாகப் பேசுவார்கள், உங்களிடம் தனியாகப் பேசுவார்கள். இரத்தப் பரிசோதனை இருக்கும், ஊசி போட்டிருந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பார்ப்பார்கள். சிறுநீர்ப் பரிசோதனையும் இருக்கலாம். கடையில் சிறுநீர்ச் சோதனை ஸ்டிரிப் வாங்கி வந்து வீட்டிலேயே திருட்டுத்தனமாகச் சோதிக்காதீர்கள். வழக்கமான ஓபியாய்டு ஸ்டிரிப்பில் டேபென்டடால் தெரியாது, 'நெகட்டிவ்' பார்த்து ஏமாந்துபோவீர்கள். கஞ்சாவோ நேர்மாறு, தினமும் இழுத்தவன் விட்டுப் பல நாள், சில நேரம் பல வாரம் ஆன பின்னும் காட்டும். விட்டவனைப் பொய்யன் என்று அடித்துவிடுவீர்கள்.

மருந்து பற்றி எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். கஞ்சாப் பழக்கத்தை நிறுத்த அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. நிறுத்தியதும் இரண்டு வாரம் அளவுக்கு எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, கெட்ட கனவுகள் இருக்கும். தூக்கத்துக்கு மட்டும் கொஞ்ச நாள் உதவுவார்கள். அந்த இரண்டு வாரம் அவன் கதவைச் சாத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் தெரியாமலே நின்றுவிடும் என்று விளம்பரம் செய்யும் பொடிகளைத் தொடவே வேண்டாம். ஓபியாய்டுக்கு நல்ல மருந்து இருக்கிறது. தீவிரமாகப் பழகியவர்களுக்கு பியூப்ரெனார்ஃபின் என்ற மருந்தை நாக்குக்கு அடியில் வைக்கக் கொடுப்பார்கள், ஏக்கமும் உடல் வேதனையும் அடங்கும். அமெரிக்காவில் 16 வயதிலிருந்தே இதற்கு அனுமதி உண்டு. இங்கே சிறுவர்களுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதை மனநல மருத்துவர் ஆளைப் பார்த்து முடிவெடுப்பார். 'ஒரு போதைக்கு இன்னொரு போதையா' என்று உறவினர்கள் சொல்வார்கள். சொல்லட்டும், மருந்து உயிரைக் காப்பாற்றும் கட்டத்தில் அந்த விவாதம் தேவையில்லை.

கூல் லிப்பை ஓரமாக வைத்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். புகையிலைத் தூளைச் சின்னப் பையில் அடைத்து உதட்டுக்குள் வைப்பது, வகுப்பறையிலேயே வைத்துக்கொள்ளலாம், வாசனையும் தெரியாது. குட்காவும் இதுவும் தமிழ்நாட்டில் 2013 முதல் தடையில் இருக்கின்றன, ஆனாலும் பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடை வரை வருகின்றன. நிகோடின் பிடி கஞ்சாவை விட இறுக்கமானது. மாத்திரை ஆபத்து தணிந்த பிறகு அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி சிகிச்சையின் பெரும்பகுதி. அது வீட்டில்தான் நடக்கிறது. பதின்வயதினருக்கு நல்ல பலன் காட்டியிருக்கும் சிகிச்சைகளில் முன்வரிசையில் இருப்பது குடும்ப சிகிச்சை. பையனை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துப் பாடம் எடுப்பது இல்லை அது. அக்கா, நீங்கள், முடிந்தால் வீடியோ காலில் அப்பா, எல்லோரும் உட்கார்ந்து சில விதிகளை அவனோடு சேர்ந்து பேசி எழுதுவது. கையில் ரொக்கம் எவ்வளவு, இரவு எத்தனை மணிக்குள் வீடு, போன் எத்தனை மணிக்கு ஹாலில் வைப்பது, மீறினால் என்ன. மீறலுக்கான விளைவு சின்னதாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். 'வீட்டை விட்டே துரத்துவேன்' என்று சொல்லி மறுநாள் பிரியாணி வாங்கிக் கொடுத்தால் விதி செத்துவிடும். அதே மாதிரி, ஒரு வாரம் சுத்தமாக இருந்தால் அதற்கு ஏதாவது கிடைக்கட்டும். லஞ்சமா என்று கேட்பார்கள். அவன் மூளை உடனடிப் பரிசுக்குப் பழகியிருக்கிறது, விடுவதற்கும் ஆரம்பத்தில் உடனடிப் பரிசு வேண்டும். இது ஆராய்ந்து நிறுவிய முறைதான்.

மாலை நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை அவன் எங்கே, யாரோடு என்று பாருங்கள். அந்த நேரம் காலியாக இருந்தால் மற்ற எல்லாம் வீண். ஐஸ்லாந்தில் 1998-ல் 15-16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் அதற்கு முந்தைய மாதத்தில் போதையேறக் குடித்திருந்தார்கள். 2016-ல் அது 5 சதவீதம். கஞ்சா தொட்டவர்கள் 17 சதவீதத்திலிருந்து 7 சதவீதம் ஆனார்கள். விளையாட்டு, இசை வகுப்புகளுக்கு அரசு பணம் கொடுத்தது, இரவில் சிறுவர்கள் வெளியே சுற்றத் தடை போட்டது, பெற்றோர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அவ்வளவு நம்மால் முடியாது. ஆனால் கபடி டீமோ, ஜிம்மோ, மெக்கானிக் கடையில் மாலை வேலையோ, அவனுக்குப் பிடித்த ஒன்றில் நீங்களே கொண்டுபோய் விட்டுக் கூட்டி வரலாம். டியூஷன் இதில் சேராது.

இப்போது வேனுக்கு வருகிறேன். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைகளையும் தனக்குள் அடக்கியது. அதன்படி பதிவு பெறாத இடத்தில் யாரையும் சேர்த்துச் சிகிச்சை தரக்கூடாது. 18 வயதுக்குக் கீழ் இருப்பவரைச் சேர்க்க வேண்டுமென்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு வல்லுநர்கள் தனித்தனியே பரிசோதித்து, வெளியே வைத்துச் சிகிச்சை தர முடியாது என்று சொல்ல வேண்டும், அவர்களில் ஒருவராவது மனநல மருத்துவராக இருக்க வேண்டும். பெரியவர்களோடு ஒரே இடத்தில் வைக்கக்கூடாது, வீட்டார் ஒருவர் கூடவே தங்க வேண்டும், 72 மணி நேரத்துக்குள் மனநல வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். சங்கிலி போடுவது எந்த வடிவத்திலும் குற்றம். நாலு பேர் வேனில் வந்து தூக்கும் இடத்தில் இதில் எது நடக்கும்? உங்கள் 16 வயதுப் பையன் நாற்பது வயதுக் குடிநோயாளிகளோடு படுத்திருப்பான். அங்கே அவன் கற்றுக்கொள்வது, இன்னும் என்னென்ன பொருள் எங்கெங்கே கிடைக்கும் என்பதைத்தான். பிரச்சினையுள்ள பதின்வயதினரைக் குழுவாக உட்கார வைப்பதே அவர்களைக் கெடுக்கலாம் என்று உளவியலாளர் தாமஸ் டிஷியனும் சகாக்களும் 1999-ல் எழுதினார்கள். நல்ல எண்ணத்தோடு நடத்திய குழுக்களிலேயே புகைப்பழக்கமும் அடாவடியும் கூடியிருந்தன.

அதை விடப் பெரிய ஆபத்து வெளியே வரும் நாளில் இருக்கிறது. ஆறு மாதம் பூட்டி வைத்தால் உடம்பு மாத்திரைக்குப் பழகியிருந்த தாங்குதிறன் போய்விடும். ஏக்கம் போகாது. அதே தெரு, அதே நண்பன், பழைய அளவு மாத்திரை. முன்பு தாங்கிய அளவு இப்போது மூச்சை நிறுத்தும். உள்நோயாளியாகச் சேர்க்கத் தேவைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள்: ஊசி போடுபவர்கள், வலிப்பு ஆபத்து உள்ளவர்கள், தற்கொலை எண்ணம் வந்தவர்கள். அவர்களுக்கும் அரசு மருத்துவமனையிலோ பதிவு பெற்ற மையத்திலோ, வீட்டார் பார்க்கும்படி, மனநல மருத்துவர் இருக்கும் இடத்தில், குறுகிய காலம் போதும். 'ஒரு மாதம் பார்க்க வரக்கூடாது' என்று எந்த மையம் சொன்னாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

போலீஸ் பயம் அக்காவுக்கு இருக்கும். ஒரு கிலோ வரையிலான கஞ்சாவைச் சட்டம் சிறிய அளவு என்றுதான் பார்க்கிறது. 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது: தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்து முடிப்பவர் மீது, பயன்படுத்தியதற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கு நடத்த முடியாது. பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போகலாம். சிறுவன் என்பதால் எப்படியும் இளைஞர் நீதிக் குழுமம்தான், பெரியவர்கள் நீதிமன்றம் இல்லை. அவனுக்கு விற்றவருக்குத்தான் சிக்கல். சிறுவருக்குப் போதைப்பொருள் கொடுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவு. ஆனால் அவனை வைத்து அந்த ஆளைப் பிடிக்க முயலாதீர்கள். தகவல் சொல்ல வேண்டுமென்றால் நீங்கள் தனியாகப் போதைப்பொருள் புகார் எண்ணான 10581-க்குச் சொல்லுங்கள். பையன் பெயர் அதில் வர வேண்டியதில்லை.

பள்ளியில் எல்லோருக்கும் சொல்ல வேண்டாம். அவனுக்குப் பிடித்த ஒரு ஆசிரியர் இருந்தால் அவரிடம் மட்டும் பேசுங்கள். டி.சி. கொடுத்து அனுப்புவதுதான் பையனுக்கு நடக்கக்கூடிய மோசமான விஷயங்களில் ஒன்று. பள்ளி நின்றால் நாள் முழுக்கக் காலி நேரம், பழக்கம் நிரப்பிக்கொள்ளும்.

இதைப் படிக்கும் மற்ற வீட்டாருக்கு இடையில் ஒரு வார்த்தை. எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளிவந்த தேசியக் கணக்கெடுப்பில், பெரியவர்களை விடச் சிறுவர்களிடம் அதிகமாக இருந்த ஒரே போதை முகர்வது: 10-17 வயதில் 1.7 சதவீதம், பெரியவர்களில் 0.58 சதவீதம். பஞ்சர் சொலுஷன், ஒயிட்னர், தின்னர். இவற்றை முகர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையைக் கையும் களவுமாகப் பிடிக்க நினைத்துத் துரத்தாதீர்கள், திடீரென்று மிரட்டாதீர்கள். அந்த ஆவி உள்ளே இருக்கும்போது அதிர்ச்சியும் ஓட்டமும் சேர்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி அங்கேயே உயிர் போகலாம். அமைதியாக வாங்கி வைத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள்.

உங்கள் மருமகன் மறுபடி ஒருமுறை தொடுவான். அநேகமாகத் தொடுவான். அன்றைக்கு வீடு என்ன செய்கிறது என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். யாரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அது நீங்களாக இருக்கட்டும். சொன்னால் அடி விழாது என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்த இடம், எந்த நேரம், யார் கூட இருந்தார்கள் என்று அவனோடு உட்கார்ந்து பாருங்கள், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அதைச் சொல்லுங்கள்.

கடைசியாக மச்சான். மறைக்க வேண்டாம். மாதா மாதம் பணம் அனுப்புகிற மனிதருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மூலம் தெரிந்தால் அக்கா மீதுதான் முழுக் கோபமும் திரும்பும், பையன் அதையும் பார்ப்பான். ஆனால் இன்று இரவே சொல்லவும் வேண்டாம். முதலில் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அப்புறம் நீங்கள் போன் செய்து, என்ன பொருள், எந்த அளவு, என்ன சிகிச்சை தொடங்கியிருக்கிறது என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். லீவு போட்டு வருகிறேன் என்றால் வரட்டும், நல்லதுதான். வந்து இறங்கும் அன்றைக்கு பெல்ட்டைக் கழற்றக்கூடாது என்பதை மட்டும் டிக்கெட் போடும் முன்பே பேசி வாங்கிவிடுங்கள்.